சால்வடோரில் ஸ்கேட்போர்டு: எங்கே ஓட்டுவது, எங்கே இறங்கி நடப்பது – முழுமையான வழிகாட்டி

பிரேசிலின் பயீயா மாநிலத் தலைநகர் சால்வடோர். 1549-இல் போர்த்துகீசியர் நிறுவியது. 1763 வரை நாட்டின் தலைநகரமும் அதுதான். அட்லாண்டிக் ஓரத்துச் செங்குத்தான மேட்டின் மேல் ஒரு நகரமும், மேட்டின் அடியில் துறைமுகத்தை ஒட்டி இன்னொரு நகரமும் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிபாடு இங்கே காண்டோம்ப்ளே என்ற சமயமாக வேரூன்றியது. ஒரிஷாக்கள் எனப்படும் அதன் தெய்வங்கள் ஏரியிலும் கடற்கரையிலும் நாற்சந்தியிலும் மரத்தடியிலும் வணங்கப்படுகின்றன.

ஸ்கேட் ஓட்டுபவருக்கு இதனால் ஒரு தனிப் பொறுப்பு வருகிறது. வழவழப்பான தரை, சரியான உயரத்தில் ஒரு திண்டு, நாலு படிக்கட்டு என்று நம் கண் தேடும் இடங்களில் பாதி, அந்த ஊர்க்காரர்களுக்குப் படையல் வைக்கும் இடம். எங்கே போர்டைக் கையில் எடுத்துக்கொள்வது என்று தெரிந்தவருக்குத்தான் சால்வடோர் முழுதாகக் கிடைக்கும்.

படி 1: காலமும் காகிதமும்

ஏப்ரல் முதல் ஜூலை வரை மழை அதிகம்; தரை காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்லது. கார்னிவலுக்கு முந்தைய சில வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பார்ரா–ஒந்தினா கடற்கரைச் சாலையில் பார்வையாளர் மேடைகள் கட்டத் தொடங்கிவிடுவார்கள்; நகரின் மிகச் சிறந்த தரை சாரத்துக்குள் போய்விடும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிரேசிலிலிருந்து திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. இது திரும்பும் பயணத்துக்கான காகிதம் என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். விசா விதிகளைத் தூதரகத்தின் தளத்திலேயே பாருங்கள்.

படி 2: போர்டைத் தயார் செய்தல்

இந்த ஊருக்கு ஒரே செட் வீல் போதாது. டெக் எனும் மரப்பலகை 8.0 முதல் 8.5 அங்குல அகலம் வரை உங்களுக்குப் பழகியது இருக்கட்டும். வீல் மட்டும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள்.

திண்டு, படி, ரெயில் என்று வித்தை பழக 52–54 மி.மீ., 99ஏ அல்லது 101ஏ கடினம் (எண் கூடினால் வீலின் கடினம் கூடும்). ஊர் சுற்ற 56–58 மி.மீ., 78ஏ-க்கு அருகிலான மென்மை. பெரிய வீல் போடும்போது வீலைத் தாங்கும் உலோக அச்சான டிரக்குக்கும் டெக்குக்கும் நடுவே ரைசர் எனும் 1/8 அங்குலப் பட்டை வையுங்கள். இல்லாவிட்டால் கூர்மையாகத் திரும்பும்போது வீல் டெக்கின் அடியில் உரசிச் சட்டென்று நிற்கும். போர்டு நிற்க, நீங்கள் முன்னே பறப்பீர்கள். ரைசர் வைத்தால் 1 அங்குல போல்ட்டின் நுனி நட்டைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். 1 1/8 அங்குல போல்ட் எட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் நட்டு நாலு, கிங்பின் நட்டு ஒன்று, பேரிங் ஒரு செட், ஸ்கேட் டூல் ஒன்று உபரியாக இருக்கட்டும். டூலைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

பேரிங்கைக் கொல்வது இங்கே கடற்காற்று. உப்புத் துகளும் நுண்மணலும் ஷீல்டு எனும் பேரிங் மூடி வழியாக உள்ளே போய், சில நாளிலேயே கரகரவென்று சத்தம் வரும். கடலோரத்தில் தினமும் ஓட்டினால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். வீலை டிரக்கின் ஆக்ஸில் நுனியில் மாட்டி நெம்பிப் பேரிங்கை எடுங்கள். குண்டூசியால் ஷீல்டைக் கழற்றுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 10 நிமிடம் ஊறவைத்துக் குலுக்குங்கள். துணியின் மேல் வைத்து முழுக்கக் காயவிட்டு, ஒன்றிரண்டு சொட்டு பேரிங் எண்ணெய் விட்டுச் சுற்றிப் பாருங்கள். இதற்குக் கைகழுவும் 70 சதவீத ஆல்கஹாலைப் பயன்படுத்தக் கூடாது; மீதியெல்லாம் தண்ணீர், மறுநாளே துரு ஏறும். மின்னணு உதிரிப்பொருள் கடையில் "ஆல்கூல் இசோப்ரோப்பீலிக்கு" என்று கேட்டால் சுத்தமானது கிடைக்கும்.

படி 3: தரையைப் படித்தல்

நாலு வகைத் தரை அடிக்கடி வரும். பெலோரின்யோ என்ற பழைய மேல்நகரில் உருண்டையும் கோணலுமான பெரிய கற்கள். இங்கே எந்த வீலும் ஓடாது. போர்டைப் பையில் மாட்டிக்கொண்டு நடங்கள். பழைய நடைபாதைகளில் கறுப்பும் வெள்ளையுமான சிறு கல் பதிப்பு. போர்த்துகீசியக் கல் என்பார்கள். மென்மையான வீல் இதில் அதிர்ந்தபடியே போகும். கடின வீலுக்கு ஆபத்து, பெயர்ந்து கிடக்கும் ஒற்றைக் கல்தான். அது வீலுக்கு முன்னால் வந்தால் ஆப்பு வைத்ததுபோல் போர்டு நின்றுவிடும். மூன்றாவது கடலோர அகலச் சாலையும் புதுப்பித்த நடைமேடைகளும். நாலாவது, கீழ்நகரமான கொமெர்சியுவின் அலுவலகக் கட்டடங்களின் முன்னே உள்ள கிரானைட், சிமென்ட் முற்றங்கள்.

மழை விட்டதும் ஓட்டக் கிளம்பாதீர்கள். தேய்ந்த கறுப்புக் கல் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்; நனைந்த டெக்கின் ஒட்டுப்பலகை அடுக்கு பிரிந்து துள்ளல் போய்விடும். மாலைக் காற்று கடலிலிருந்து மணலை நடைமேடை மேல் கொண்டுவந்து பரப்பும். வளைவுகளில் அது கண்ணுக்குத் தெரியாது. முதல் சுற்றை எப்போதும் மெதுவாக ஓட்டுங்கள்.

மேல்நகரையும் கீழ்நகரையும் இணைக்கும் ஏற்றச்சாலைகளைப் பார்த்தால் வேகமாக இறங்கத் தோன்றும். வேண்டாம். வளைவுக்கு அப்பால் பேருந்து வரும், இடையில் இறங்க ஓரம் இருக்காது. அதற்குத்தான் 1873-இல் திறந்த லாசெர்தா மின்தூக்கி இருக்கிறது. சுமார் 72 மீட்டர் உயரம், அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம்.

படி 4: முதல் நாள் கடலோரத்தில்

பார்ரா கலங்கரை விளக்கத்திலிருந்து தொடங்குங்கள். 2014-இல் இந்தக் கடற்கரைச் சாலையைப் புதுப்பித்து, நடப்பவர்களுக்கே முன்னுரிமை தந்துவிட்டார்கள். காலை 5.30 முதல் 8.30 வரையும் மாலை 4 மணிக்கு மேலும் ஓட்டலாம். நடுப்பகல் வெயிலில் டெக்கின் மேல் ஒட்டிய சொரசொரப்பான கிரிப் டேப்பின் பசையே இளகும். ஜூன் மாதத்தில் மாலை 5.15-க்கே சூரியன் மறைந்துவிடும்.

இங்கிருந்து ஒந்தினா வழியாக ரியோ வெர்மெல்யோ வரை கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். சுமார் 5 கி.மீ. மென்மையான வீல் போடுங்கள். ஒந்தினாவில் மூன்று பருத்த பெண்களின் வெண்கலச் சிலைகள் வரும். எலியானா கெர்தெஸ் செய்தவை. ஊரார் "கொர்தின்யாஸ்", குண்டுப்பெண்கள், என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆப்பிரிக்க, ஐரோப்பிய, பூர்வகுடிப் பெண்ணைக் குறிக்கும் மூவருக்கும் தமியானா, மரியானா, கத்தரினா என்று பெயர். பீடத்தின் விளிம்பு ஓட்டக்கூடியதாகத் தெரியும், ஓட்ட வேண்டாம்.

பள்ளம், சரிவு என்று கட்டிய பூங்காதான் வேண்டுமென்றால் போக்கா தோ ரியோ கடற்கரையில் உள்ள பார்க்கே தோஸ் வென்தோஸுக்குப் போங்கள். உள்ளூர்ப் பையன்களைச் சந்திக்கவும் அதுவே எளிய வழி. நேராகப் போய் ஓட்டத் தொடங்காமல், ஓரமாக நின்று வரிசை எப்படிப் போகிறது என்று பாருங்கள். "சால்வே" என்று முகமன் சொல்லிக் கைமுட்டியோடு கைமுட்டி தட்டுவார்கள். "பொஸ்ஸு அந்தார் அக்கி?" என்றால் "இங்கே ஓட்டலாமா?" ஓட்டும் இடத்துக்கு "பிக்கு" என்றும், டெக்குக்கு "ஷேப்பி" என்றும் சொல்வார்கள். நகர மையத்தில் எந்த முற்றம் இப்போது பாதுகாப்பு, எந்தக் காவலாளி எந்நேரம் விரட்டுவார் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் தெரியும், வரைபடத்தில் கிடைக்காது.

படி 5: சிலைகளைப் பார்க்கும் முன் தெய்வங்களை அறிதல்

பொதுக் கலையைத் தேடி அலைவதற்கு முன், மேல்நகரில் தெரெய்ரோ தெ ஜெசுஸ் சதுக்கத்தின் பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள ஆப்ரோ-பிரேசில் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அர்ஜென்டினாவில் பிறந்து சால்வடோர்க்காரராகவே வாழ்ந்து 1997-இல் மறைந்த கரிபே, 27 தேவதாருப் பலகைகளில் ஒரிஷாக்களைச் செதுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொருவரின் கையில் இருப்பதையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஷங்கோவுக்கு இருமுனைக் கோடரி. ஒஷோசிக்கு வில்லம்பு. ஒஷூனுக்குப் பொன்னிறக் கண்ணாடி-விசிறி, இயெமன்ஜாவுக்கு அதுவே வெள்ளியில். ஓகுமுக்கு வாள். ஒமோலுவின் முகத்தை வைக்கோல் மறைத்திருக்கும். நாற்சந்திக்கும் வழிகளுக்கும் உரிய எஷுவுக்கு முக்கவர்க் கோல். இது தெரிந்தால் ஊரின் பாதிச் சுவரோவியம் உங்களோடு பேசத் தொடங்கும்.

அடுத்து திக்கே தோ தொரொரோ ஏரி. மெட்ரோவில் காம்போ த போல்வொரா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். தாத்தி மொரேனோ 1998-இல் அமைத்த ஒரிஷாச் சிலைகளில் எட்டு, வட்டமாகத் தண்ணீர் மேல் நிற்கின்றன, நாலு கரையில். ஏரியைச் சுற்றிய பாதையில் ஓடுபவர்களும் நடப்பவர்களும் நிறைய. காலையில் மென்மையான வீலில் மெதுவாகச் சுற்றலாம். கரையோரத்தில் பூ, சோளம், மண்சட்டி வைத்திருந்தால் அந்த இடத்தில் இறங்கி நடங்கள்.

இதே கலைஞர் செய்த இன்னொரு சிலை, புகழ்பெற்ற பூசாரி மாயி ஸ்தெல்லா தெ ஒஷோசியுடையது. 2022 டிசம்பரில் அதற்குத் தீ வைத்தார்கள். இத்தாபுவா பக்கம் அபயெத்தே ஏரிப் பூங்காவில் உள்ள மாயி ஜில்தா என்ற பூசாரியின் மார்பளவுச் சிலையும் சேதப்படுத்தப்பட்டது. அவரை மந்திரவாதி என்று ஒரு கிறிஸ்தவச் சபையின் பத்திரிகை தூற்றியது. அதைத் தொடர்ந்து தொல்லைகள். 2000 ஜனவரி 21 அன்று அவர் இறந்தார். அந்த நாளையே மதச் சகிப்பின்மைக்கு எதிரான தேசிய நாளாக 2007-இல் சட்டம் இயற்றி அறிவித்தார்கள். இங்கே ஒரு சிலைப் பீடத்தில் டிரக்கைத் தேய்ப்பதைப் பார்க்கும் ஒரு பாட்டிக்கு அது வெறும் விளையாட்டாகத் தெரியாது. அந்த வலிக்கு நாம் ஒரு கீறலும் சேர்க்கக் கூடாது.

படி 6: நாற்சந்திப் படையலும் மெழுகுவர்த்தியும்

மண்சட்டியில் வறுத்த மரவள்ளி மாவு, தெந்தே எனும் செம்பனை எண்ணெய், சுருட்டு, கரும்புச் சாற்றிலிருந்து வடித்த கஷாசா மது, சிவப்பும் கறுப்புமான மெழுகுவர்த்தி: நாற்சந்தியில் இப்படிக் கண்டால் அது எஷுவுக்கு வைத்தது. தொடக் கூடாது, தாண்டக் கூடாது, படத்துக்காக நகர்த்தக் கூடாது. கழிப்புக் கழித்து முச்சந்தியில் போட்டதை மிதிக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேசிலில் திண்டு வழுக்குவதற்குச் சாதாரண மெழுகுவர்த்தியைத்தான் எல்லோரும் தேய்ப்பார்கள். "வேலா" என்று கேட்டால் கடையில் கிடைக்கும். தெருவில் பாதி எரிந்து கிடப்பதை எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். அது யாரோ ஒருவரின் வேண்டுதல்.

வெள்ளைத் துணி கட்டிய பெரிய மரமும் அப்படித்தான். அதன் அடித்திண்டில் போர்டைச் சாய்த்து வைப்பதுகூட வேண்டாம்.

படி 7: செவ்வாய் மேல்நகர், வெள்ளி பொன்ஃபீம்

பெலோரின்யோ 1985 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி. நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் செவ்வாய் மாலை போங்கள். ரொசாரியோ தோஸ் ப்ரெத்தோஸ் தேவாலயத்தில் மாலைத் திருப்பலி முரசோடு நடக்கும். கறுப்பின மக்களின் சகோதரத்துவச் சபை 18-ஆம் நூற்றாண்டில் தன் உழைப்பால் கட்டிய கோவில் அது. போர்டை உள்ளே எடுத்துச் செல்லாமல் இருப்பது நல்லது. முன்பே தங்குமிடத்தில் வைத்துவிடுங்கள். திருப்பலி முடிந்ததும் தெருக்களில் இசை தொடங்கும். கூட்டம் கலையும் முன், வெளிச்சமுள்ள சதுக்கத்திலிருந்தே வாடகைக் காரை அழைத்துத் திரும்புங்கள். பக்கச் சந்துகளில் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வழி பார்ப்பதுதான் பறிகொடுக்கும் பொதுவான வழி.

அருகில் பிராசா த சே சதுக்கத்தில் மரியோ கிராவோ ஜூனியரின் "விழுந்த சிலுவை" இருக்கிறது. டிராம் பாதைக்காக 1933-இல் இடித்த பழைய பேராலயத்துக்கு 1999-இல் வைத்த நினைவுச்சின்னம். கீழே மெர்க்காடோ மொதேலோ சந்தைக்குப் பக்கத்தில் உள்ள நீரூற்றுச் சிற்பமும் அவருடையதுதான். 1970-இல் செய்தது 2019 இறுதியில் தீக்கிரையாக, பிறகு மறுபடி எழுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒஷாலா என்ற ஒரிஷாவின் நாள். ஊரில் பலர் வெள்ளை உடுத்துவார்கள். நீங்களும் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துப் போங்கள். பொன்ஃபீம் தேவாலயம் கீழ்நகரின் வடக்கே ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு அங்கே இயேசு. காண்டோம்ப்ளே வழியினருக்கு அதே இடத்தில் ஒஷாலா. கம்பிவேலி முழுக்க வண்ண நாடாக்கள் படபடக்கும். நாடாவின் நீளம் சுமார் 47 செ.மீ.; ஆண்டவர் சிலையின் கை நீளம் என்பது வழக்கு. மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு வேண்டுதல் வைத்து, தானாக அறுந்து விழும்வரை விட்டுவிட வேண்டும். ஸ்கேட் ஓட்டுபவர்கள் மணிக்கட்டுப் பட்டைக்கு மேலே கட்டாமல், காலில் அல்லது பை வாரில் கட்டுவது நல்லது. விழும்போது கை ஊன்றினால் நாடா தோலில் அழுந்திப் புண்ணாகும். வாசலில் "இலவசம்" என்று கையில் கட்டிவிட்டுப் பின்னர் பணம் கேட்பவர்கள் உண்டு. கடையில் ஒரு கட்டு வாங்கினால் மலிவு.

உள்ளே அற்புதங்களின் அறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். குணமானவர்கள் நன்றிக்காகத் தந்த மெழுகுக் கை, கால், தலை உருவங்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. கணுக்காலை நம்பிப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம்.

படி 8: தெரெய்ரோவுக்குள்

தெரெய்ரோ என்பது காண்டோம்ப்ளே வழிபாட்டுமனை. காசா பிராங்கா 1984-இல் தேசியப் பாரம்பரியமாகப் பதிவான முதல் மனை. 1910-இல் தொடங்கிய இலே அஷே ஒப்போ அஃபொன்ஜாவும் புகழ்பெற்றது. பொது விழாக்களுக்கு வெளியாரை விடுவார்கள், நுழைவுக் கட்டணம் இராது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பல மனைகள் விழா நடத்துவதில்லை. தங்குமிடத்தில் கேட்டு, நாளை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெள்ளை அல்லது வெளிர் நிற உடை, முழங்காலை மறைக்க வேண்டும். கறுப்பு வேண்டாம்; ஸ்கேட்டர்களின் பெட்டியில் கறுப்புதான் அதிகம் என்பதால் கிளம்பும்போதே நினைவில் வையுங்கள். பல மனைகளில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். கையையோ காலையோ குறுக்கிட்டு உட்காராதீர்கள். படம், ஒலிப்பதிவு எதுவும் கூடாது. ரும், ரும்பி, லே என்ற மூன்று முரசுகளும் தெய்வத்தை அழைப்பவை. அவற்றைத் தொடுவதற்கு உரிமை பெற்றவர்கள் மட்டுமே தொடலாம். அருள் வந்து ஆடுபவரைத் தொடவோ வழிமறிக்கவோ கூடாது. விழா நள்ளிரவு தாண்டியும் போகும். நடுவில் கிளம்ப வேண்டியிருந்தால் கதவருகே இடம் பிடியுங்கள். கடைசியில் உணவு தருவார்கள், மறுக்காமல் கொஞ்சமேனும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 9: சுவர்கள்

சரிவுகளைத் தாங்கும் மதில்களில் உடைந்த ஓட்டுத்துண்டுகளால் மீனும் மனிதரும் பறவையுமாகப் பதித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது பெல் போர்பாவின் வேலை. ஊர் முழுக்க இருக்கிறது. சோலார் தோ உன்யாவ் குடியிருப்பின் வீட்டுச் சுவர்களே மூசாஸ் எனும் தெருக்கலை அருங்காட்சியகம். அது மக்கள் வாழும் சந்து. அங்கே வசிப்பவர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு, பகலில் போங்கள். "போஜி திரார் ஃபோத்து?" என்று கேட்டுவிட்டுப் படமெடுங்கள்.

சுவரில் வீல் ஏற்றும் வித்தையை ஓவியமுள்ள சுவரில் செய்யாதீர்கள். வீலின் கறுப்புத் தடம் அக்ரிலிக் வண்ணத்தில் ஏறினால் தேய்த்தால் வண்ணமும் போகும். பதித்த ஓடு ஒன்று பெயர்ந்தால் மழைநீர் உள்ளே புகுந்து பக்கத்து ஓடுகளும் உதிரும். நீங்களே வரைய விரும்பினால், உரிமையாளரின் சம்மதத்தோடு வரைவது 2011-ஆம் ஆண்டின் 12.408-ஆம் சட்டப்படி குற்றமில்லை. சம்மதமில்லாமல் கிறுக்குவது குற்றம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஸ்பிரே டப்பா விற்கவும் தடை.

படி 10: சாப்பாடும் காயமும்

பாயானா எனப்படும் பயீயாப் பெண்கள் வெள்ளை உடையில் தெருவோரம் சுடும் அகாராஜே, இயான்சான் எனும் காற்றின் ஒரிஷாவுக்குரிய உணவு. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரிப்பார்கள். "கென்ச்சி?" என்று கேட்டால் காரம் வேண்டுமா என்று பொருள். சைவர்கள் கவனிக்க: மேலே வைக்கும் இறாலை மட்டும் வேண்டாம் என்றால் போதாது, உள்ளே தடவும் வத்தப்பாவிலும் கருருவிலும் காய்ந்த இறால் அரைத்துச் சேர்த்திருக்கும். தக்காளிக் கலவையும் மிளகாயும் மட்டும் கேளுங்கள். பழகாத வயிற்றுக்குச் செம்பனை எண்ணெய் கனம். ஓட்டி முடித்தபின் சாப்பிடுங்கள்.

அடிபட்டால் 192-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ். காவல் துறைக்கு 190. அரசு அவசர சிகிச்சை மையங்களில் வெளிநாட்டவருக்கும் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டின் நகல் பையில் இருக்கட்டும்.

படி 11: திருவிழா நாளில் போர்டு

ஜனவரி நடுவில் வரும் ஒரு வியாழக்கிழமை, கொன்செய்சாவ் த பிரையா தேவாலயத்திலிருந்து பொன்ஃபீம் வரை ஊரே நடக்கும். பாயானாப் பெண்கள் நறுமண நீரால் கோவில் படிகளைக் கழுவுவார்கள். பிப்ரவரி 2 அன்று ரியோ வெர்மெல்யோவில் மீனவர்கள் இயெமன்ஜாவுக்கான கூடைகளைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். பிற்பகலில் படகுகள் கிளம்பும், ஆனால் விடியும் முன்பே வரிசை தொடங்கிவிடும். நீங்களும் வைக்க விரும்பினால் பூ மட்டும் போதும். நறுமணக் குப்பி, பிளாஸ்டிக் சீப்பு, கண்ணாடி இவற்றை வேண்டாமென்று பல தெரெய்ரோக்களே இப்போது கேட்டுக்கொள்கின்றன.

இரண்டு நாளிலும் போர்டை அறையிலேயே வைத்துவிடுங்கள். நெரிசலில் கையிலிருந்து நழுவி உருண்டால் யாரோ ஒருவரின் கணுக்கால் போய்விடும். விழா முடிந்த மறுநாள் கடற்கரைச் சாலையில் பாட்டில் துண்டும் நசுங்கிய பூவும் கிடக்கும். துப்புரவுப் பணியாளர்கள் கழுவி முடித்து, தரை காய்ந்தபின் கிளம்புங்கள்.